பிஎஸ்5 வாங்குவதா, எக்ஸ்பாக்ஸா, அசெம்பிள் பிசியா?

கேள்வி: என்னிடம் பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4) இருக்கிறது, கேம் டிஸ்க்குகளும் நிறையச் சேர்ந்துவிட்டன. ஆனால் புதிய கேம்கள் பலவும் அதற்கு வருவதில்லை. நண்பர்களில் பாதிப் பேர் பிஎஸ்5 கட்சி, மீதிப் பேர் எக்ஸ்பாக்ஸ் கட்சி. அண்ணனோ இரண்டும் வேண்டாம், பார்ட் பார்ட்டாக வாங்கி டெஸ்க்டாப் அசெம்பிள் செய், பிறகு வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். பழைய லேப்டாப்பில் வீடியோ எடிட்டிங்கும் கற்று வருகிறேன். ஐந்தாறு வருடம் தாங்கும்படி எதை வாங்கலாம்?

பதில்: எடிட்டிங் இருப்பதால் டெஸ்க்டாப்பையே வாங்குங்கள். ஆனால் அண்ணன் சொல்லும் அந்த ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ எல்லா டெஸ்க்டாப்புக்கும் பொருந்தாது. முதல் நாளில் எந்த மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் பலகை), எந்த எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. அதற்கு வருவதற்கு முன் நண்பர்களின் கட்சிச் சண்டையைப் பார்த்துவிடலாம்.

அந்தச் சண்டைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 90களின் தொடக்கத்தில் கன்சோல் எனப்படும் கேம் கருவிகளைச் செய்த சேகாவும் நிண்டெண்டோவும் மோதியபோது இரண்டின் சிப்பும் வேறு, ஒலியும் வேறு. ஒரே பெயரில் வந்த கேம்கூட இதில் ஒரு மாதிரியும் அதில் ஒரு மாதிரியும் இருக்கும். பிளேஸ்டேஷனும் அந்தப் போட்டியில் பிறந்ததுதான். நிண்டெண்டோவுடன் சேர்ந்து சிடி டிரைவ் செய்துகொண்டிருந்தது சோனி. 1991இல் நிண்டெண்டோ பிலிப்ஸ் பக்கம் சாய்ந்தது. சோனி தனியாகக் களமிறங்கி, 1994 டிசம்பரில் முதல் பிளேஸ்டேஷனை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2001இல் சேகா கன்சோல் தயாரிப்பையே கைவிட்டது. 2006இல் வந்த பிஎஸ்3 வரைக்கும் பெரும்பாலான கன்சோல்கள் தனி ரகமாகவே இருந்தன. பிஎஸ்3இன் ‘செல்’ என்ற பிராசசரோடு டெவலப்பர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இன்று அப்படியா? 2020 நவம்பரில் சில நாள் இடைவெளியில் வந்த பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டையும் திறந்து பாருங்கள். இரண்டிலும் சிப் நிறுவனமான ஏஎம்டியின் எட்டு கோர் ஜென் 2 பிராசசர், ஆர்டிஎன்ஏ 2 வழிவந்த கிராபிக்ஸ், 16 ஜிபி மெமரி. டெஸ்க்டாப்பில் போடும் பிராசசருக்கும் இவற்றுக்கும் ஒரே குடும்பம். வேகத்தை வைத்து இவற்றுக்குள் கட்சி பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மிஞ்சுவது கேம்கள்தான். எக்ஸ்பாக்ஸைச் செய்யும் மைக்ரோசாஃப்ட் தன் சொந்த கேம்களைப் பிசிக்கும் அதே நாளில் தருகிறது. 2024 முதல் அவற்றில் சிலவற்றை பிஎஸ்5க்கே கொடுத்துவிட்டது. சோனி 2020இல் ஹொரைசன் ஜீரோ டானில் தொடங்கி, தன் பெரிய கேம்கள் பலவற்றைத் தாமதமாகவாவது பிசிக்குக் கொண்டுவந்திருக்கிறது. இரு தரப்பு கேம்களிலும் பெரும்பகுதி கிடைக்கிற இடம் என்றால் அது டெஸ்க்டாப்தான். காத்திருக்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஜிடிஏ 5 கன்சோல்களுக்கு வந்தது 2013 செப்டம்பரில். பிசிக்கு வந்தது 2015 ஏப்ரலில். வெளியான அன்றே ஆடியாக வேண்டும் என்று நினைப்பவர் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

நண்பர்களோடு ஆன்லைனில் ஆடுவதும் முன்போல் சிக்கலில்லை. ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக், மைன்கிராஃப்ட் போன்றவற்றில் யார் எந்தக் கருவியில் இருந்தாலும் சேர்ந்து ஆடலாம். காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷனில் தனிச் சந்தா கட்ட வேண்டும். பிசியில் பெரும்பாலும் அந்தச் செலவு கிடையாது.

கன்சோலுக்கும் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். டிவியில் சொருகினால் ஓடும். டிரைவர், செட்டிங் என்று எதையும் தொட வேண்டாம். டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 வாங்கினால் உங்கள் பிஎஸ்4 டிஸ்க்குகளில் மிகப் பெரும்பாலானவை அதிலேயே ஓடும். எடிட்டிங் மட்டும் இல்லையென்றால் உங்களுக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பிஎஸ்5க்குள் நீங்கள் மாற்றக்கூடியது ஸ்டோரேஜ் ஒன்றுதான். உள்ளே ஒரு எம்.2 எஸ்எஸ்டி சேர்க்கலாம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் அதற்கும் அதற்கென்றே செய்த கார்டு வேண்டும்.

சரி, டெஸ்க்டாப்புக்கு வருவோம். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறை மதர்போர்டின் ஸ்க்ரூ எங்கே வர வேண்டும், எஸ்எம்பிஎஸ் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் வரையறுத்தது. இன்றுவரை அந்த ஸ்க்ரூ ஓட்டைகள் அதே இடத்தில்தான். அதனால்தான் பத்து வருடப் பழைய கேபினெட்டில்கூடப் புது போர்டு உட்காருகிறது. சில பெரிய பிராண்டுகள் ரெடிமேடாக விற்கும் டெஸ்க்டாப்பில் இந்த அளவுமுறை இருக்காது. போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அவர்களுடைய தனி வடிவத்தில் இருக்கும். ஒன்று போனால் அவர்களிடமே போய் நிற்க வேண்டியதுதான். விலை குறைவு என்று அதில் விழுந்துவிடாதீர்கள்.

மாற்றிக்கொள்ளும் வசதிக்கு உயிர், மதர்போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் இருக்கிறது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. தொடக்க காலத்தில் அந்தப் போர்டு வாங்கிய பலர், பயாஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்துவிட்டு 2022இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரை அதே போர்டில் போட்டார்கள். போர்டு, ரேம், கேபினெட் எதையும் தொடவில்லை. இன்டெல்லில் சாக்கெட் இதைவிடச் சீக்கிரம் மாறிவிடும். ஐந்தாறு வருடம் என்று கேட்கிறீர்கள், அதனால் 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட் உள்ள போர்டைச் சொல்வேன். அதில் டிடிஆர்5 ரேம்தான் போகும். டிடிஆர்4 ரேமிலும் டிடிஆர்5 ரேமிலும் விளிம்பில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். அதனால் பழைய ரேமைக் கையில் வைத்துக்கொண்டு போர்டு தேடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை சுருக்க வேண்டாம். நல்ல பெயருள்ள நிறுவனத்தின் 750 வாட், மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான கோல்டு தரச்சான்று உள்ளது போதும். பிற்பாடு பெரிய கார்டு போட்டாலும் தாங்கும். பின்னாளில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் பழைய கேபிள்களை அப்படியே விட்டுப் புதியதில் சொருகாதீர்கள். முனை பொருந்தும். ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். 12 வோல்ட் தவறான கம்பியில் போய் எஸ்எஸ்டியோ போர்டோ கருகிவிடும். பழையதைக் கழற்றும்போது அதன் கேபிள்களையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

அசெம்பிள் செய்யும் அன்று, ஸ்லாட் நான்கு இருந்து ரேம் இரண்டு என்றால், பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்யாவிட்டால் ரேம் தன் முழு வேகத்தில் ஓடாது. கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளைப் போர்டில் சொருகாமல் கிராபிக்ஸ் கார்டில் சொருக வேண்டும். புது பிசி கேமில் திக்கித் திணறுகிறது என்று எனக்கு வரும் புகார்களில் கணிசமானவை இந்தக் கேபிளோடு முடிந்துவிடும்.

பணம் ஒரே தடவையில் புரளாவிட்டால் கிராபிக்ஸ் கார்டைத் தள்ளிப்போடுங்கள், மற்றதில் குறைக்காதீர்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் பிராசசர்களில் பெரும்பாலானவற்றுக்குள் எளிய கிராபிக்ஸ் இருக்கிறது. பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் மட்டும் இருக்காது, அதைத் தவிர்த்துவிடுங்கள். எடிட்டிங் பழக அதுவே போதும். அப்புறம் கார்டு வாங்கும்போது அதன் நீளமும் தடிமனும் கேபினெட்டில் இடம் கொள்ளுமா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். அதுவரை கேமுக்கு பிஎஸ்4 இருக்கவே இருக்கிறது. டிஸ்க்குகள் இருக்கும் வரை அதை விற்க வேண்டாம்.