குன்னூர் ரோடு மூடினாலும் ஊட்டி ஊட்டிதான்: மின்னஞ்சல் கேள்வி-பதில்

கேள்வி (கோத்தகிரி): அப்பாவின் பழைய காகிதத்தில் ஒரு மெயில் முகவரி. பெயருக்கு முன்னால் வரிசையாக ஆச்சரியக்குறிகள். இது என்ன சார்?

அது முகவரியே இல்லை, வழி. 1980களில் யுயுசிபி முறையில் கணினிகள் போன் லைனில் ஒன்றையொன்று கூப்பிட்டு மெயிலைக் கைமாற்றின. எந்தெந்தக் கணினி வழியாகப் போகணும் என்று அனுப்புகிறவரே எழுத வேண்டும். 'மேட்டுப்பாளையம்!குன்னூர்!ஊட்டி!ராமன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவைக்காரருக்கு இது சரி, ஆனால் மைசூர்க்காரர் கூடலூர் வழியாக வருகிறவர், அவருக்கு இதனால் பயனில்லை, குன்னூர் ரோட்டில் பர்லியாரில் மண் சரிந்துவிட்டால் கோத்தகிரி ரோடு திறந்திருந்தும் கோவைக்காரர் கடிதமும் பாதியில் நிற்கும். ராமன் இருப்பதென்னவோ அதே வீட்டில்தான்! 1971ல் அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ரே டாம்லின்சன் தேர்ந்தெடுத்த அட் குறி (@) சொல்வது ஆள் யார், எந்த இடம், அவ்வளவுதான். வழி தேடுவது சர்வர்களின் வேலை.

கேள்வி (குன்னூர்): ஹோம்ஸ்டே மெயிலை வேறு நிறுவனத்துக்கு மாற்றுகிறோம். விசிட்டிங் கார்டெல்லாம் மறுபடி அச்சடிக்கணுமா?

வேண்டாம். டொமைன், அதாவது அட் குறிக்குப் பின்னால் வரும் பெயர், உங்கள் கையில் இருக்கும்வரை முகவரி அப்படியே இருக்கும். டிஎன்எஸ்ஸில், அதாவது இணையத்தின் பெயர் ஏட்டில், எம்எக்ஸ் பதிவை மட்டும் மாற்றுங்கள், மெயிலை எந்த சர்வரிடம் கொடுப்பது என்று 1986லிருந்து அதுதான் சொல்கிறது. சின்ன எண்ணுக்கே முதல் உரிமை: 10 என்று போட்ட சர்வர் எடுக்காவிட்டால்தான் 20க்குப் போகும். அப்புறம், இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் ஒரு பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற கணக்கு) 86400 வினாடியிலிருந்து 300க்குக் குறைத்துவிடுங்கள். ஒரு பள்ளிக்கு மாற்றிக்கொடுத்தபோது நான் இதை மறந்துவிட்டேன், ஒரு நாள் முழுக்க பாதி மெயில் பழைய பெட்டியிலேயே விழுந்தது, அட்மிஷன் விண்ணப்பங்கள் உட்பட. அதனால் பழைய பெட்டியையும் உடனே மூட வேண்டாம்.

கேள்வி (ஊட்டி): குன்னூருக்கு அனுப்பிய மெயிலின் ஹெடரில் சிங்கப்பூர் சர்வர் தெரிகிறது. யாராவது நடுவில் படிக்கிறார்களா?

அதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வர் அங்கே இருக்கலாம், நமக்குப் பக்கத்து ஊர் என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. ஹெடர் என்பது மெயிலோடு வரும் பயண விவரம், அதில் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள், தபால் முத்திரை மாதிரி ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்த்துக்கொண்டே போகும். அடியில் உள்ள வரிகளைப் போலியாக எழுத முடியும், பெற்றவருடைய சர்வர் போட்ட வரியைத்தான் நான் முழுசாக நம்புவேன்.

கேள்வி (கூடலூர்): மழையில் மூன்று நாள் கரன்ட் இல்லை, எங்கள் சொந்த சர்வர் படுத்துவிட்டது. வந்த மெயில் போச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. அனுப்பிய சர்வர் அதை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும், நான்கைந்து நாளாவது விடக்கூடாது என்பது விதி. சர்வரை ஏற்றிவிட்டுக் காத்திருங்கள், ஒரேயடியாக வராது, சில மணி நேரத்தில் ஒவ்வொன்றாக வந்துசேரும்.