ஓப்பரெட்டா மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த பழைய பாடகியரில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

பிரெஞ்சுப் பாடகி இவோன் ப்ரேந்தாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்க் இசையமைத்த 'காதலின் பாதைகள்' என்ற வால்ட்ஸ் (மூன்று தட்டுத் தாளத்தில் சுழன்றாடும் ஜோடி நடனத்தின் மெட்டு) பாட்டை நான் முதலில் கேட்டது இக்கால ஓப்பரா பாடகி ஒருவரின் குரலில். அழகாகத்தான் இருந்தது. 1940-இல் பாரிஸில் மேடையேறிய ழான் அனூயின் 'லியோகாதியா' நாடகத்தில் அதை முதலில் பாடியவர் ப்ரேந்தாம் என்று பிறகு தெரிந்து, அவருடைய பழைய இசைத்தட்டுப் பதிவைத் தேடிக் கேட்டேன். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் பாடுகிறாளா, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அந்த இடம்தான் ஓப்பரெட்டாவின் உயிர். வசனமும் பாட்டும் கலந்த இலகுவான இசைநாடகம் அது; குரல் வளம் மட்டும் அங்கே போதாது.

ப்ரேந்தாம் 1894-இல் பாரிஸுக்கு அருகே எர்மோனில் பிறந்தவர். 13 வயதில், 1908-இல், லா சிகால் அரங்கில் ஏறிவிட்டார். ப்ரேந்தாம் என்றால் வசந்தம்; அவருடைய கலகலப்பைப் பார்த்து உடன் ஆடிய பெண்கள் வைத்த பெயர் அது. அப்புறம் நாடகாசிரியர் சாஷா கீத்ரியைச் சந்தித்தார். 1919-இல் திருமணம். 1923-இல் மெஸ்ஸாழேயின் இசையில் 'முகமூடிக் காதல்' இசைநாடகம். 1925-இல் ரெய்னால்டோ ஹானின் இசையில் 'மொஸார்ட்'. இதில் பாரிஸுக்கு வந்த இளம் மொஸார்ட்டாக ஆண் வேடமிட்டு நடித்தவர் இவர்தான்.

சினிமாவில் முதலில் முகம் காட்டியது 1918-இல், கீத்ரியோடு ஒரு மௌனப் படத்தில். இப்படி ஒரு குரல் இருந்தும் அதற்கு வேலையில்லாத படம்! அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. 1934-இல்தான் பேசும் படத்தில் 'கமீலியாச் சீமாட்டி'யாக வந்தார். அதே ஆண்டு லண்டனில் ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்ட் இவருக்காகவே எழுதிய இசைநாடகத்திலும் நடித்தார். ஆங்கிலம் பேச வராது. வசனங்களை ஒலியாகவே மனப்பாடம் செய்து மேடையேறினார். கீத்ரியோடு விவாகரத்து ஆனதும் அந்த ஆண்டில்தான். பிறகு கடைசிவரை கூட இருந்தவர் நடிகர் பியேர் ஃப்ரெனே. இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1937 முதல் பாரிஸின் மிஷோதியேர் அரங்கைச் சேர்ந்து நடத்தினார்கள்.

ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருந்தால் 1938-இல் வந்த 'மூன்று வால்ட்ஸ்' பாருங்கள். முந்தைய ஆண்டு மேடையில் நடித்த ஓப்பரெட்டாதான் படமானது. மூன்று தலைமுறைப் பெண்களாக இவர், மூன்று தலைமுறை ஆண்களாக ஃப்ரெனே. இசையும் அப்படியே: முதல் பகுதிக்கு வியன்னாவின் வால்ட்ஸ் இசையமைப்பாளர் அப்பா யோஹான் ஸ்ட்ராஸின் மெட்டுகள், இரண்டாவதற்கு மகன் ஸ்ட்ராஸுடையவை, மூன்றாவதற்கு அந்தக் குடும்பத்தோடு உறவே இல்லாத ஆஸ்கர் ஸ்ட்ராஸ். பாட்டி நடனக்காரி, மகள் ஓப்பரெட்டாப் பாடகி, பேத்தி சினிமா நட்சத்திரம். ப்ரேந்தாம் கடந்து வந்த பாதையே அங்கே கதையாக ஓடுகிறது.

சரி, கேட்பதற்கு? 'மொஸார்ட்'டில் வரும் கடிதப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒருவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதை அந்தக் குரலே சொல்லிவிடும்.