வீட்டிலேயே ஹாம் ரேடியோ ரிசீவர் கட்டுவது அந்தக் காலத்தில் சுலபமா, இப்போது சுலபமா?

ஹாம்கள் என்றால் பொழுதுபோக்காக லைசென்ஸ் வாங்கி ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசுகிறவர்கள். கேள்வி கேட்டவர் அவர்கள் பேசும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒரு ரிசீவர் கட்டியிருக்கிறார். யூடியூபில் காட்டியபடியே எல்லாம் செய்தும் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லையாம், பழைய ஆட்கள் எப்படித்தான் கேட்டார்களோ என்று அலுத்துக்கொள்கிறார். அந்தப் பழைய ஆட்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன். உங்கள் ரிசீவர் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும், கோளாறு உங்கள் தெருவில்.

1986-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தோம், நான் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். திருப்பாப்புலியூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவரை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு, சாயங்காலம் ஆனால் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். செத்துப்போன ரேடியோக்களிலிருந்து கழற்றிய பிஎஃப்194, பிஎஃப்195 டிரான்சிஸ்டர், ஐஎஃப்டி என்கிற குட்டிக் காயில், ஸ்டேஷன் மாற்ற உதவும் கேங் எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருப்பார், அதில் கைவிட்டுத் துழாவித்தான் என் முதல் ரிசீவருக்குப் பாகம் சேர்ந்தது. அதில் இல்லாததற்குப் பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட், அங்கேயும் இல்லாவிட்டால் யாராவது மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். காயிலுக்குக் கம்பி மோட்டார் வைண்டிங் கடையில் வாங்குவேன். ஃபிலிம் ரோல் டப்பாவில் சுற்றி, மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிவிட்டால் சுற்று அசையாது.

ஆனால் ஹாம்கள் பேசுவதை முதலில் கேட்டது எதையும் கட்டாமலேயே. ஹாம்கள் எஸ்எஸ்பி முறையில் பேசுவார்கள், சாதாரண ஷார்ட்வேவ் ரேடியோவில் அது வாத்து கத்துகிற மாதிரி கேட்கும். கேரியர் என்கிற அடிப்படை அலையை அனுப்பும்போதே நீக்கிவிடுவதுதான் காரணம், அதை நம் பக்கத்தில் திரும்பச் சேர்த்தால் பேச்சு புரியும். மாமா என்ன செய்தார் என்றால், கடையிலிருந்த இன்னொரு ரேடியோவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பெரும்பாலான ரேடியோக்களில் நாம் வைக்கும் ஸ்டேஷனைவிட 455 கிலோஹெர்ட்ஸ் மேலே ஒரு ஆஸிலேட்டர், அதாவது தானாக ஒரு அலையை உண்டாக்கும் சர்க்யூட், ஓடிக்கொண்டிருக்கும். முதல் ரேடியோ 7050 கிலோஹெர்ட்ஸில் இருந்தால், இரண்டாவதை 6595-க்குத் திருப்பி வைத்தால் போதும், அதன் ஆஸிலேட்டர் சரியாக 7050-இல் வந்து விழும், நீக்கிய கேரியருக்குப் பதிலாக அதுவே நின்றுவிடும். குமிழை மயிரிழை நகர்த்தினார், வாத்து மனுஷனாகிவிட்டது. யாரோ ஒருவர் தமிழில் தன் ஊர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நான் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று என் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு நானே கட்டியது டைரக்ட் கன்வெர்ஷன் வகை. தத்துவம் எளிது. கேட்க வேண்டிய அலைவரிசையிலேயே ஒரு ஆஸிலேட்டரை ஓட்டி, ஏரியலில் வருவதையும் அதையும் மிக்ஸரில் கலந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நேரே காதுக்குக் கேட்கும் ஒலியாக வந்துவிடும். மீதி வேலை ஆம்ப்ளிஃபயருடையது. எளிது என்கிறேனே தவிர, அந்த ஆஸிலேட்டர் ஒரு இடத்தில் நிற்காது. ஃபேன் காற்று பட்டால் நகரும், கையைக் கிட்டே கொண்டுபோனால் நகரும், வெயில் ஏற ஏற அதுவும் நகரும். போதாததற்குக் கடலூர் உப்புக்காற்று, ஆறு மாதத்தில் கேங் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். அடாப்டரில் போட்டால் உம்ம்ம் என்று ஒரு இரைச்சல் வரும், அதனால் எப்போதும் பேட்டரிதான்.

இந்தத் தொல்லை எதுவும் உங்களுக்கு இல்லை. ஆஸிலேட்டருக்கு எஸ்ஐ5351 என்று ஒரு குட்டி போர்டு, கிரிஸ்டலை வைத்து ஓடுவது, அர்டுவினோ என்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டோடு இணைத்தால் சொன்ன இடத்தில் நிற்கும். மிக்ஸருக்கு எஸ்ஏ612 ஐசி, ஸ்பீக்கருக்கு எல்எம்386 ஐசி, எல்லாம் கூரியரில் வீட்டுக்கே வருகிறது. நடுவில் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் பிட்எக்ஸ் என்று கேட்கவும் பேசவும் முடிகிற ஒரு செட்டை வடிவமைத்தார், நம் ஊர்க் கடையில் கிடைப்பதை வைத்தே கட்டலாம், காயில் சுற்றக் குழாய் வாஷரையே பயன்படுத்தியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு ஃபிலிம் டப்பா ஞாபகம் வந்தது. அப்புறம் கம்ப்யூட்டரில் செருகுகிற அந்த ஆர்டிஎல் டாங்கிள், டிவி பார்க்கச் செய்தது, 2012 வாக்கில் அதை ரிசீவராக மாற்றலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நல்ல பொருள்தான். அதில் நாம் கட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பது மட்டும் எனக்குக் குறை.

சரி, அப்படியானால் ஏன் கேட்கவில்லை? 1986-இல் எங்கள் தெருவில் குண்டு பல்பு, டியூப்லைட், மாவு மில் மோட்டார், அவ்வளவுதான். குண்டு பல்பு ரேடியோ இரைச்சலே போடாது. ஜன்னலுக்கு வெளியே இருபது அடி கம்பி தொங்கவிட்டாலே சிலோன் வரை கேட்டது. இன்றைக்கு எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், மாடியில் சோலார், இவை அத்தனைக்குள்ளும் கரண்டை வெட்டி வெட்டி விடும் ஒரு ஸ்விட்சிங் சர்க்யூட் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது, அந்தக் குப்பையில் நிறைய ஷார்ட்வேவில் கொட்டுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து நம்பவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ என்று பெயர் வைத்த புயல் எங்களை அடித்துப் போட்டது. மரம், கம்பம், கூரை எதுவும் மிச்சமில்லை, நாள் கணக்கில் கரண்ட் கிடையாது. என் ஏரியலைத் தாங்கிய தென்னையும் விழுந்துவிட்டது. இரண்டாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல், மொட்டைமாடித் தண்ணீர் டேங்கில் ஒரு கம்பியைக் கட்டி, பைக் பேட்டரியில் அதே பழைய மாதிரி ரிசீவரைப் போட்டேன். செட் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன், அவ்வளவு நிசப்தம். குமிழைத் திருப்பினால் ஒவ்வொரு குரலும் பக்கத்து அறையில் பேசுவது போல இருந்தது. ஊரே இருட்டில் கிடக்கும்போது இதற்காகச் சந்தோஷப்பட்டது இன்னும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆகவே பாகத்தை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். ரிசீவரைப் பேட்டரியில் போட்டு, வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி வீட்டுக்குள்; ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பிடிபடும். பழைய மானிட்டர் கேபிளில் உருண்டையாக ஃபெரைட் என்று இரைச்சலை அடக்குகிற ஒரு துண்டு இருக்கும், அதைச் சார்ஜர் ஒயரில் மாட்டினால் ஓரளவு அடங்கும். ஏரியலைச் சுவரிலிருந்து தள்ளி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக இருபது மீட்டர் டைபோல், அதாவது நடுவில் ஒயர் இணைக்கும் கம்பி ஏரியல், கட்டுங்கள். கேட்பதோடு நிற்காமல் பேசவும் வேண்டுமென்றால் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியாக வேண்டும், அது தனிக் கதை.

எங்கள் வீட்டில் பிடிபட்டது பூஜை அறையில் சாமி படத்தைச் சுற்றி ஓடும் எல்இடி மாலை. அதை எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மனைவி குளித்துவிட்டு வந்து அதைப் போடுவதற்குள், காலை ஆறு மணிக்குள் கேட்டு முடித்துவிடுகிறேன்.