நோரெனில் நீலம் போகிறதா? சாயத்தை ‘நிலைநிறுத்த’ காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: டோக்கியோ நிஷி-கசாயில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சமையலறை வாசலுக்கு இண்டிகோ நீலச்சாயம் ஏற்றிய லினன் நோரென் (வாசலில் தொங்கவிடும், நடுவே பிளவு உள்ள ஜப்பானியத் திரை) வாங்கினேன். முதல் தடவை அலசியபோதே தண்ணீர் கருநீலமாகிவிட்டது. நிலை ஓரச் சுவரிலும் நீலம் ஒட்டுகிறது. சாயத்தை நிலைநிறுத்தித் தருவதாக இணையத்தில் ஒருவர் 8,000 யென் கேட்கிறார். கொடுக்கலாமா? லேபிளில் தண்ணீரில் துவைக்கக் கூடாது என்ற குறி வேறு இருக்கிறது. காலி செய்யும்போது சுவருக்குப் பணம் பிடிப்பார்களா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் நோரெனில் குறை எதுவும் இல்லை.

நீலச்சாயம், அதாவது இண்டிகோ, தண்ணீரில் கரையாத பொடி. தொட்டியில் அதைக் கரையும் நிலைக்குக் கொண்டுவந்து துணியை முக்குவார்கள். எடுத்துக் காற்றுப் பட்டதும் மறுபடி கரையாத நீலமாகி நாருக்குள்ளும் மேலும் படியும். நாரோடு வேதிப்பிணைப்பு கிடையாது. மேலாக நிற்கும் உதிரிப் பொடிதான் தண்ணீரிலும் சுவரிலும் தெரிகிறது. அதைக் கழுவி வெளியேற்றத்தான் முடியும். உப்பு, வினிகர், கடையில் விற்கும் சாயம் பிடிக்கும் திரவம் எதற்கும் இங்கே வேலை இல்லை. ஊரில் புதுச் சேலையை உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவதை நினைத்து இதையும் ஊறப்போடாதீர்கள்.

கழுவும் முறை எளிது. பெரிய பேசினில் 10 லிட்டர் குளிர்ந்த தண்ணீர், அதில் எமாரு அல்லது அகுரோன் மாதிரி நடுநிலைச் சலவைத் திரவம் டப்பாவில் போட்டிருக்கும் அளவு. நோரெனைத் தனியாகப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். தேய்க்கவும் கூடாது, முறுக்கிப் பிழியவும் கூடாது. தண்ணீரை மாற்றி மூன்று நான்கு முறை அலசுங்கள். பழைய துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டு, நோரென் மாட்டும் அதே கம்பில் கோர்த்து நிழலில் தொங்கவிட்டு, ஓரங்களைக் கீழ்நோக்கி நீவி இழுங்கள். லினன் சுருங்கும்: 150 செ.மீ. துணி 3 சதவீதம் சுருங்கினால் நாலரை செ.மீ. போய்விடும். லேசான ஈரம் இருக்கும்போதே பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிக் கழுவியதும் நீலம் விடுவது வெகுவாகக் குறையும். ப்ளீச் வேண்டவே வேண்டாம்; ஆக்சிஜன் ப்ளீச் பொடியும் நீலத்தை வெளுக்கும். கழற்றி வைக்கும்போது மடிக்காமல் சுருட்டுங்கள். மடிப்பு விளிம்பு உரசி வெள்ளைக் கோடு விழுந்தால் பிறகு போகாது.

லேபிள் விஷயம். 2016 டிசம்பரில் ஜப்பானின் துணிப் பராமரிப்புக் குறிகள் மாறி 22 குறிகள் 41 ஆயின. குறி பெருகியும் வாங்குகிறவருக்குத் தெளிவு வந்தபாடில்லை. புகார் வரக் கூடாது என்று தொட்டிப் படத்தின் மேல் பெருக்கல் குறி போட்டுத் தப்பித்துக்கொள்ளும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். சமையலறை வாசலில் எண்ணெய்ப்புகை பிடிக்கும் துணியைத் துவைக்காதே என்றால் வாங்கியவர் என்ன செய்வார்? நீங்கள் ஏற்கனவே ஒருமுறை அலசிவிட்டீர்கள், துணி நன்றாகத்தானே இருக்கிறது? மேலே சொன்னபடி தொடருங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘ஐசோமே’ என்றால் நீலச்சாயத்தில் நனைத்துச் சாயமேற்றியது. ‘ஐ-இரோ’ என்றால் வெறும் நிறத்தின் பெயர். பாலியெஸ்டரில் அச்சடித்ததற்கும் அதைப் போடலாம். இடைத்தரகர்கள் இரண்டையும் கலந்து எழுதிக் கைச்சாய விலை கேட்கிறார்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளிறியிருந்தால் அச்சு. ‘இயற்கைச் சாயம்’ என்று கூடுதல் விலை சொன்னால் கண்ணால் சரிபார்க்க வழியே இல்லை. செயற்கை நீலம் 1897-லேயே சந்தைக்கு வந்துவிட்டது, அதன் மூலக்கூறும் செடியில் வருவதும் ஒன்றே.

ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியாக வேண்டும். பழுப்பு நிற நோரென் வைத்திருப்பவர்கள் மேலே உள்ளதைப் பின்பற்றக் கூடாது. அது ககிஷிபு, அதாவது புளிக்கவைத்த பச்சைச் சீமைப்பனிச்சைச் சாறு பூசியதாக இருக்கலாம். ஜப்பானில் ககி என்பார்கள். அந்தச் சாற்றில் இருப்பது டானின். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. மேல்பூச்சு உரிந்த இரும்புக் கம்பில் ஈரத்தோடு மாட்டினால் கம்பு பட்ட இடமெல்லாம் கருங்கோடு விழும், எதற்கும் போகாது. மரக்கம்போ மூங்கிலோ போடுங்கள். காரச் சோப்பு பட்டால் நிறம் திட்டுத் திட்டாக மாறும். நனைக்காமல் தூசி தட்டுங்கள், அழுக்கு பட்ட இடத்தை மட்டும் இறுகப் பிழிந்த துணியால் ஒற்றுங்கள். வெளிச்சத்தில் நிறம் வெளுக்காது, அடர்த்தியாகும். புதிதில் வரும் வாடை காற்றாட வைத்தால் போய்விடும்.

இனி உங்கள் சுவர். வினைல் சுவர்த்தாளில் ஒட்டிய நீலத்தை நடுநிலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். மெலமைன் பஞ்சு தாளின் மினுமினுப்பையும் சேர்த்து உரிக்கும், அதனால் மூலையில் சோதித்துவிட்டுப் போடுங்கள். கறை மிஞ்சினாலும் பயப்பட வேண்டாம். நிலம், உள்கட்டமைப்பு, போக்குவரத்து அமைச்சகத்தின் வழிகாட்டுதல்படி 6 ஆண்டில் சுவர்த்தாளின் மதிப்பு 1 யென்னாக இறங்கிவிடும். கறை பட்டதும் ஒரு சுவர்ப்பக்கம் என்றால் அதற்கு மேல் உங்களிடம் கேட்கக் கூடாது. ஆனால் அது சட்டம் அல்ல, வழிகாட்டுதல்தான். அதனால்தான் அறை முழுவதற்கும் புதுத்தாள் என்று பில் நீட்டும் நிர்வாக நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. வீட்டின் வயது என்ன, தாள் எப்போது ஒட்டியது என்று எழுத்தில் கேளுங்கள்.

சுவரில் உரசாமல் இருக்க, துணியின் அகலம் வாசலைவிட 3, 4 செ.மீ. குறைவாக இருக்கட்டும். ஸ்பிரிங் கம்பை மரநிலையின் உள்பக்கத்தில் பொருத்துங்கள். சுவர்த்தாளில் முட்டுக் கொடுத்தால் வழுக்கி விழும். வாசலைவிட ஒன்றிரண்டு செ.மீ. நீட்டிவைத்து அழுத்திச் செருக வேண்டும். முனை ரப்பரிலும் நிலையிலும் எண்ணெய்ப்பசை இருந்தால் முதலில் துடையுங்கள். கேஸ் அடுப்புக்கு அருகில் உள்ள வாசல் என்றால் நோரெனே வேண்டாம்.

பிளவு தொடங்கும் மேல்முனையை இன்றே பாருங்கள். தோளால் தள்ளிக்கொண்டு நுழையும்போது இழுபடுவது அந்த ஒரு புள்ளிதான், கிழிசல் அங்கேதான் தொடங்கும். அதே நிற நூலால் குறுக்கே நான்கு தையல் போட்டு இறுக்கிவிடுங்கள்.