காதால் ஏறாத பிள்ளை

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கு வெளியாட்கள் வந்து ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, அவன் 'விஷுவல் லேர்னர்', அதாவது கண்ணால் பார்த்துக் கற்கிறவன் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் டீச்சர் சொல்வதைக் கவனிப்பதே இல்லை. கேட்டால், "எனக்குக் காதால ஏறாதும்மா" என்கிறான். இருபதாயிரம் ரூபாய் கட்டி வீடியோ பாடங்கள் வாங்கலாமா? பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கிறானே, அது சரியா?

ஒரு தாய், அம்பத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

"எனக்குக் காதால ஏறாதும்மா" என்ற வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அந்தச் சான்றிதழை அவன் கண்முன்னாலேயே கிழித்துப் போடுங்கள். நன்றாகக் காது கேட்கிற பிள்ளைக்கு இப்படி முத்திரை குத்த அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? பன்னிரண்டு வருடம் பேசிப் பேசி வளர்த்த நீங்கள், ஒரு தாளை எப்படி நம்பினீர்கள்?

கண், காது, வாசித்து எழுதுவது, செய்து பார்ப்பது என்று கற்கும் வழியை நான்காகப் பிரிக்கும் 'வார்க்' முறையைப் பிரபலமாக்கியவர் நியூசிலாந்தின் நீல் ஃப்ளெமிங். பிள்ளைகளுக்கு விருப்பம் என்று ஒன்று உண்டு, மறுக்கவில்லை. அந்த விருப்பத்தின்படி சொல்லிக்கொடுத்தால் கூடுதலாக மனதில் நிற்குமா என்பதுதான் கேள்வி. 2008-ல் ஹெரால்டு பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும் அளவுக்கு இதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். வரைபடத்தை எந்தப் பிள்ளையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ழகரத்தைக் காதால் கேட்டு, நாக்கை மடித்துத்தான் பழக வேண்டும். வழியைத் தீர்மானிப்பது பாடம்.

நான் வளர்ந்தது அயனாவரத்தில், ரயில்வே குடியிருப்பில். எதிர்வீட்டு அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. சாயங்காலம் எங்களை மாடிப்படியில் உட்கார வைத்துப் பாடத்தை ஒருமுறை படிக்கச் சொல்வார். அப்புறம் புத்தகத்தை வாங்கித் தன் மடியில் கவிழ்த்துக்கொண்டு, "இப்போ சொல்லு" என்பார். நாங்கள் திருதிருவென்று விழிப்போம். லேசில் எடுத்துக்கொடுக்க மாட்டார். புத்தகத்தில் உள்ளபடியே ஒப்பித்தாலும் விடமாட்டார். "உன் பேச்சுல சொல்லு" என்பார். நாலு நாள் கழித்துத் திடீரென்று அதையே மறுபடி கேட்பார். கடைசியில், சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்றை என் எதிரே உட்கார வைத்து, அதற்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அங்கேதான் எனக்கு எது புரியவில்லை என்று எனக்கே தெரியும்.

இது நம் ஊருக்குப் புதிதில்லை. எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். அதைப் பற்றி 1797-ல் லண்டனில் அவர் புத்தகம் வெளியிட்டபின், 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே பிரிட்டன் பள்ளிகளுக்குப் பரவியது.

புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் நான்கு சுற்றும் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம்தான். திரும்பத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். அந்தத் தெம்பில்தான் பிள்ளைகள் பரீட்சைக்குப் போய்த் தவித்து நிற்கிறார்கள். வீடியோவிலும் அதே ஆபத்து உண்டு. பார்க்கும்போது புரிந்த மாதிரி இருந்தால் போதாது, நிறுத்திவிட்டுச் சொல்ல வர வேண்டும்.

சரி, பாட்டு. வாசிக்கும் நேரத்தில் வரிகள் உள்ள பாட்டு வேண்டாம். இருபதாயிரத்தைக் கட்டாதீர்கள்.

இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அவன் அறிவியல் புத்தகத்தை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, இன்றைய பாடத்தை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். திணறட்டும், அவசரப்பட்டு எடுத்துக்கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாது என்றால் ரொம்ப நல்லது. உங்களுக்குப் புரிகிறவரை அவன் சொல்லியாக வேண்டும்.