இன்ஃப்யூஷன் பம்புக்கு ஸ்பிரின்ட் சரிவருமா?

கேள்வி: மருத்துவக் கருவிக் கம்பெனியில் மென்பொருள் குழுவில் இருக்கிறேன். வேலையைச் சிறு சுற்றுகளாக (ஸ்பிரின்ட்) பிரித்துச் செய்யும் ஸ்க்ரமுக்கு மாறலாம் என்றால், 'மருத்துவ மென்பொருளுக்கான ஐஇசி 62304 தரநிலை இருக்கிறது, ஒரு கட்டத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வாட்டர்ஃபால்தான் செல்லும்' என்கிறது தரப் பிரிவு. உண்மையா?

பதில்: இல்லை. 2006-இல் வந்து 2015-இல் திருத்தப்பட்ட அந்தத் தரநிலை, என்னென்ன வேலைகள் நடக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. இந்த முறையில்தான் செய்ய வேண்டும் என்று எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. ஏஜைலை (ஸ்க்ரம் போன்ற முறைகளின் பொதுப்பெயர்) அதனோடு பொருத்துவதற்கென்றே, அமெரிக்காவின் மருத்துவக் கருவித் தரநிலை அமைப்பான ஏஏஎம்ஐ 2012-இல் டிஐஆர்45 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. முதலில் அதைத் தரப் பிரிவிடம் கொடுங்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. ஏஜைல் என்ற பெயரில் ஆவணத்தைக் கைகழுவுகிற குழுக்கள் இருக்கத்தான் செய்கின்றன.

நோயாளியின் உடலில் மருந்தைக் குழாய் வழியே சீராகச் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'குழாய் அடைத்தால் அலாரம் அடிக்க வேண்டும்' என்று பேக்லாகில் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) ஒரு ஸ்டோரி, அதாவது ஒரு சிறு தேவைக் குறிப்பு, எழுதினால் போதாது. மணிக்கு 1 மில்லி வேகத்தில் மருந்து போகும்போது அழுத்தம் மெல்லத்தான் ஏறும்; அலாரம் வர நெடுநேரம் ஆகலாம். அதுவரை நோயாளிக்கு மருந்து போகாது. மடங்கிய குழாயை நர்ஸ் நேராக்கியதும், தேங்கியது மொத்தமாக உள்ளே பாயும். ஆகவே எந்த வேகத்தில், எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை நிமிடத்துக்குள் அலாரம் வர வேண்டும், அலாரத்துக்குப் பின் மோட்டார் சற்றுப் பின்னோக்கிச் சுழன்று அழுத்தத்தைத் தணிக்க வேண்டுமா என்பதையெல்லாம் எண்ணோடு எழுதுங்கள். ஆபத்து மேலாண்மைத் தரநிலையான ஐஎஸ்ஓ 14971-இன்படி வைக்கும் கோப்பில் அந்த ஆபத்து, அதைத் தடுக்கும் தேவை, கோட், சோதனை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று இணையாமல் ஸ்டோரியை 'முடிந்தது' பக்கம் தள்ளாதீர்கள். கடைசியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டால், நடுவில் மாறிய தேவையோடு பழைய சோதனைதான் ஒட்டிக்கொண்டிருக்கும். தணிக்கையாளர் ஒரே ஒரு தேவையை எடுத்து நூல் பிடித்துப் போனாலே அது வெளிவந்துவிடும்.

கேள்வி: வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் ஜிரா மென்பொருளில் டிக்கெட்டை (வேலைப் பதிவு) மூடினாலே ஒப்புதல்தானே?

பதில்: அல்ல. அமெரிக்கச் சந்தை என்றால், மின்கையெழுத்தில் கையெழுத்திட்டவர் பெயர், தேதி, நேரம், எதற்காகக் கையெழுத்து என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசு விதியான 21 சிஎஃப்ஆர் பகுதி 11. மேலும், மருத்துவக் கருவிகளுக்கான தர மேலாண்மைத் தரநிலை ஐஎஸ்ஓ 13485:2016-இன் 4.1.6 பிரிவுப்படி, தர அமைப்பில் பயன்படும் மென்பொருளை, ஜிரா உட்பட, உங்கள் பயன்பாட்டுக்குச் சரிபார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும் வெளியீடு வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஸ்பிரின்ட் முடிவில் வருவது உள்ளக பில்ட் (குழுவுக்குள் ஓட்டிப் பார்க்கும் பதிப்பு) மட்டுமே. அதை சிமுலேட்டரோடு நிறுத்தாமல், நிஜ பம்பிலும் ஓட்டிப் பாருங்கள். மருத்துவமனைக்குப் போகும் பதிப்புக்கு முழுச் சரிபார்ப்பும், மீதமிருக்கும் பிழைகள் ஒவ்வொன்றும் நோயாளியைப் பாதிக்குமா என்ற மதிப்பீடும் தனியே வேண்டும்.