பைலட் பயிற்சிக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

திண்டுக்கல்லில் இருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். பிளஸ் டூ படிக்கும் மகன் இரவெல்லாம் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறானாம். "பைலட்டாக்கிவிடுங்கள், வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம்" என்று தாய்மாமா நெருக்குகிறார்.

சார், பயப்படாதீர்கள். ஆனால் வீட்டை மட்டும் வைக்காதீர்கள். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். செலவு 50 லட்சத்தைத் தாண்டக்கூடும். அப்புறம் குறிப்பிட்ட ரக விமானத்துக்கென்று தனிப் பயிற்சி, அதற்கும் பல லட்சம். உரிமம் வாங்கியும் வேலைக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. காத்திருக்கும் மாதங்களிலும் வட்டி ஓடும். கல்யாண வீட்டில் சொல்லிப் பெருமைப்படப் போவது மாமா, தவணை கட்டப் போவது நீங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். பையனிடம் தனியாகப் பேசியபோது, விமானத்தைக் கையில் பிடித்து ஓட்டுவதைப் பற்றி அவன் அதிகம் சொல்லவில்லை. போயிங் 737 இறங்கும்போது திரையில் தெரிவதைத்தான் வரைந்து காட்டினான். இளஞ்சிவப்புக் குறி நடுக்கோட்டுக்குக் கீழே போனால், விமானம் தான் இறங்க வேண்டிய பாதையைவிட உயரத்தில் இருக்கிறது என்று பொருள். அந்தக் குறி நகரும் அளவுகோலின் விளிம்பு, பாதையிலிருந்து 400 அடி விலகலைக் காட்டும். பச்சை வில், நாம் குறித்த உயரத்தை விமானம் எந்த இடத்தில் எட்டும் என்று காட்டும். 35,000 அடி இறங்க சுமார் 105 நாட்டிகல் மைல் (ஒரு நாட்டிகல் மைல் 1.852 கி.மீ.) வேண்டும், வேகம் குறைக்க இன்னும் சில மைல் சேர்க்க வேண்டும் என்று மனக்கணக்காகச் சொன்னான். சரிவாக இறங்கிக்கொண்டே வேகத்தையும் குறைப்பது கடினம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு கேட்டான்: "ஒரே ரன்வேக்கு ஐந்து விமானம் வந்தால் யாரை முதலில் இறக்குவார்கள்?"

இது, தரையிலிருந்து விமானங்களுக்கு வழிசொல்லும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் கேட்கும் கேள்வி. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏரோநாட்டிகல் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. இந்த வேலையைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

இயற்பியல், கணிதம் சேர்த்துப் படித்த பி.எஸ்சி. போதும். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் என்ற பெயரில் இந்தப் பணிக்குத் தேர்வு நடத்துகிறது. பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 27, மற்றவர்களுக்குத் தளர்வு உண்டு. வினாக்களில் பாதி கணிதமும் இயற்பியலும். தேறியவர்களுக்குப் பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோண்டியா போன்ற இடங்களில் சிமுலேட்டரோடு பயிற்சி. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி.

வேலை என்ன? உயரத்தில் வரும் விமானத்துக்கு எப்போது "இறங்கு" என்று சொல்வது, யாரை வேகம் குறைக்கச் சொல்வது, யாருக்குச் சில மைல் சுற்று கொடுப்பது. இறங்கும் அனுமதியைத் தாமதித்தால் விமானி பாதைக்கு மேலே மாட்டிக்கொண்டு, இறக்கைமேல் உள்ள தடுப்புத் தகடுகளைத் தூக்கித் திணற வேண்டியிருக்கும். காக்பிட் திரையில் அப்போது என்ன தெரியும் என்று புரிந்த கட்டுப்பாட்டாளர், விமானி கேட்கும் முன்பே கூடுதல் மைல் கொடுப்பார். உங்கள் மகன் விளையாட்டாகப் பழகியிருப்பது இதைத்தான்.

சுலபமான வேலை இல்லை. இரவு ஷிப்ட் உண்டு, இந்தியாவில் எங்கும் மாற்றல் வரும், மருத்துவத் தகுதி வேண்டும், ஆங்கிலம் தெளிவாகப் பேச வேண்டும், போட்டியும் கடுமை. ஒருமுறை எழுதிக் கிடைக்காமல் போகலாம். ஆங்கிலத்துக்கு இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இதையும் அவன்மேல் திணிக்காதீர்கள். ஒரு கட்டுப்பாட்டாளரிடம் பேச வையுங்கள், பிறகு அவனே சொல்லட்டும். "இல்லை, நான் ஓட்டத்தான் வேண்டும்" என்றால், முதலில் விமானிக்கான மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். பி.எஸ்சி. படிப்பதால் அந்தக் கதவு மூடாது. சில வருடம் சம்பாதித்து, தன் சேமிப்பில் அவன் பறக்கப் போகட்டும்.